அப்பச்சியின் மழைப் பேரேடும் கொடைக்கானல் சூரியனும்

முதல் நாள் – கண்டனூர், வேட்டங்குடி

காரைக்குடிப் பக்கம் கண்டனூரில் எங்கள் வீட்டு முற்றத்தின் நடுவில், அளக்கப் பயன்படும் ஒரு பித்தளைப் படி உண்டு. அதை யாரும் நகர்த்தக் கூடாது. மழை பெய்து ஓய்ந்ததும் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) அதில் விரலை நிறுத்தி, எத்தனை விரற்கடை என்று பார்த்துப் பேரேட்டில் எழுதுவார். மழை இல்லாத நாளிலும் எழுதுவார். "தை 9. மழை இல்லை." சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய கடைப் பேரேடுகள் அவை. கடையை மூடிய பிறகு மீந்த வெற்றுத் தாள்களில் வரவு செலவுக்குப் பதிலாக மழை ஏறத் தொடங்கியது. இப்போது அப்பச்சிக்கு 76 வயது. மழைப் பேரேடு பதினொன்றாவது புத்தகத்தில் நிற்கிறது.

போன மாதம் அவரிடம், கொடைக்கானல் மலையில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனை அன்றாடம் படம் பிடித்துக் கணக்கு வைக்கிறார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விடுபட்ட நாள் உண்டா, ஆத்தா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "போய்க் கேட்டுவிட்டு வருவோம்" என்றார். இந்தப் பயணம் அப்படித்தான் கிளம்பியது. தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. மலையில் வானம் தெளிந்திருக்கும் காலம்.

நேரே மலைக்குப் போகாமல் முதலில் நம் சீமையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது என் யோசனை. காலை ஆறரைக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் இருந்தோம். திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையை ஒட்டிய ஊர். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் சரணாலயம். 1977-இல் அறிவித்தார்கள். பரப்பு 40 ஹெக்டேர்கூட இல்லை. ஆனால் கரையில் ஏறி நின்றதும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் பூத்திருப்பதுபோலத் தெரிந்தன. பூ இல்லை, அத்தனையும் பறவை.

நத்தைகுத்தி நாரையின் அலகை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது, பாக்குவெட்டியின் வாய்போல. நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுக்க அமைந்த அலகு. சாம்பல் நாரை, வக்கா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று எண்ணிக்கொண்டே போனேன். அப்பச்சி ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சங்குவளை நாரை. எட்டரை மணி வெயில் கூட்டில் விழத் தொடங்கியதும் அது எழுந்து வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு சிறகையும் பாதி விரித்தது. நிழலுக்குள் இரண்டு குஞ்சுகள். வெயில் நகர நகர அதுவும் இம்மி இம்மியாகத் திரும்பியது. நாங்கள் பார்த்த முக்கால் மணி நேரமும் சிறகை மடக்கவே இல்லை.

பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், குழந்தைகள் அழ மாட்டார்களா என்று கேட்டேன். "பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பக்கத்தில் யாராவது வேட்டுப் போடுவார்களா?" என்றார். இதை ஏதோ தியாகம்போல நான் கேட்டது எனக்கே சங்கடமாக இருந்தது.

கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் இத்தனையும். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்த ஆண்டில் மரம் இருக்கும், பறவை வராது. அப்பச்சியின் பேரேட்டையும் வேட்டங்குடிப் பறவைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் – பிரான்மலை

சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கிறது பிரான்மலை. பாரியின் பறம்பு மலை இதுதான். தேவாரத்தில் திருக்கொடுங்குன்றம். மலையடியிலேயே கோயில், மூன்று அடுக்கு: பாதாளம், பூமி, கயிலாயம். கீழே கொடுங்குன்றநாதர், மேலே குடைவரைக்குள் மங்கைபாகர். மலை உச்சியில் தர்கா இருக்கிறது. அங்கே போகிறவர்களும் இந்த அடிவாரத்திலிருந்துதான் ஏறுகிறார்கள். அப்பச்சி கோயிலோடு நின்றுகொண்டார். நான் மட்டும் ஏறினேன்.

உச்சிவரை போகவில்லை. பாதி வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் உசிலையும் வெப்பாலையுமாக வறண்ட காடு. இலை உதிரத் தொடங்கியிருந்தது. ஆனால் பாறை மடிப்பில் கையகலத்துக்குத் தண்ணீர். அதன் மேல் ஒரு தட்டான் வந்து வந்து வாலைத் தொட்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கார்த்திகையில் பெய்த மழையைப் பாறை இன்னும் வைத்திருக்கிறது.

கபிலர் இந்த மலையைப் பாடும்போது, உழவர் உழாமலே நான்கு விளையும் என்று கணக்குச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையிட்ட மூவேந்தர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. கோட்டைக்குள் நெல் தீரும் என்று காத்திராதீர்கள், மலையே சோறு போடும் என்கிறார். அடுத்து ஒன்று சொல்கிறார், அதுதான் என்னை அந்தப் பாறையில் உட்காரவைத்தது. மலை வானம் போன்றது, அதன் சுனைகள் வானத்து மீன்கள் போன்றவை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் இந்தச் சரிவில் நின்று சுனைகளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணாமல் அந்த உவமை வராது. நான் ஏறிய பாதி வழியில் ஏழு எண்ணினேன்.

இறங்கி வந்து அப்பச்சியிடம் சொன்னேன். "மேலே இன்னும் இருக்கும்" என்றார். நாளை விடியற்காலை நத்தம், திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல்.

மூன்றாம் நாள் – மலையேற்றம்

சமுத்திராப்பட்டி தாண்டியதும் பாதயாத்திரைக் கூட்டம். குன்றக்குடியில் கிளம்பிப் பழனிக்கு நடந்து போகும் நகரத்தார் காவடிகள். சாலையின் இடது ஓரம் முழுக்கப் பச்சையும் காவியும். அப்பச்சி காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், காவடி எடுத்து வந்த ஒரு பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவர் அப்பச்சியைவிடப் பத்து வயது இளையவர். காவடி தோளில் இருக்கும்போது வயதுக் கணக்கு கிடையாது. அப்பச்சி இருபத்திரண்டு முறை நடந்தவர். மூட்டு ஒத்துழைக்காமல் நிறுத்தி ஆறு ஆண்டாகிறது. காருக்குத் திரும்பிய பிறகு திண்டுக்கல் வரை பேசவில்லை. கையில் வைத்திருந்த தேங்குழல் தூக்கை முழுதாகக் காவடிக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். வழிக்கு எங்களுக்குப் புளியோதரை மட்டும்.

வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம். டம்டம் பாறையில் நிறுத்தினால் எதிர்ச் சரிவில் தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர் உயரம். எலிவால் என்று சொல்கிறார்கள். தூரத்திலிருந்து மெல்லிய வெள்ளை நூலாக இருப்பதால் அந்தப் பெயர். இந்தத் தண்ணீர் மஞ்சளாற்றில் ஓடி வைகைக்குச் சேர்கிறது. வைகை நம் சிவகங்கை மாவட்டத்துக்குள் வந்து மானாமதுரை வழியாக ஓடுகிறது. அப்பச்சிக்கு இதைச் சொன்னதும் அருவியைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "நல்ல ஓட்டம்" என்றார், கண்மாய் மடையைப் பார்க்க வந்தவர்போல.

ஏரிக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறோம். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்சு ஓடையைத் தடுத்துக் கட்டிய ஏரி. குளிர் பலமாக இருக்கிறது. அப்பச்சி இரண்டு கம்பளிக்குள்.

நான்காம் நாள் – சூரிய ஆய்வகம்

காலையில் ஏரிக்கரைப் புல் வெள்ளையாக இருந்தது. உறைபனி. அப்பச்சி குனிந்து ஒரு புல்லை நிமிண்டி, உருகும்வரை விரல் நுனியில் வைத்திருந்தார்.

ஆய்வகம் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரம். நாங்கள் போனபோது மேகம் மூடியிருந்தது. அதனால் முதலில் அருங்காட்சியகத்தைச் சுற்றினோம். இந்த இடம் ஏன் உண்டானது என்பதை நான் அறையில் படித்து வைத்திருந்தேன். அப்பச்சிக்கு அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வானாய்வகம் ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்தில் பஞ்சம் மாற்றிப் பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று சொன்னதும் அப்பச்சி நிமிர்ந்தார். அவருடைய அப்பத்தா சொல்லிக் கேட்ட பெயர் அது. 1876-இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன பஞ்சம். மழை ஏன் பொய்க்கிறது, அதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற பேச்சு அந்தப் பஞ்சங்களின் பின்னாலேயே எழுந்தது. 1893-இல் லண்டனில் கெல்வின் பிரபு தலைமையிலான குழு, தென்னிந்திய மலை ஒன்றில் சூரிய ஆய்வகம் அமைக்க முடிவு செய்தது. மிச்சி ஸ்மித் என்ற வானியலாளர் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1901-இல் சூரியனைக் கவனிக்கும் வேலை தொடங்கியது.

"மழைக்காகத்தானா?" என்றார் அப்பச்சி. மழைக்காகத்தான். வெறும் வேடிக்கை பார்க்க யாரும் இத்தனை உயரத்தில் ஏறவில்லை; கீழே வயிறு காய்ந்ததால் ஏறினார்கள். சூரியனில் புள்ளி கூடினால் மழை கூடும் என்பதுபோல எளிய கணக்கு எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதற்காகக் கவனிப்பதை நிறுத்திவிடவும் இல்லை. 1904-இலிருந்து வானம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகட்டில். அதற்குப் பயன்பட்ட 15 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1850-இல் செய்தது, சென்னை ஆய்வகத்திலிருந்து மலையேறியது. ஒரு நூற்றாண்டுத் தகடுகளை இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். சூரியனில் புள்ளிகள் கூடிக் குறையும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தகடுகளில் இருக்கின்றன. உலகில் இத்தனை நீளமான தொடர் பதிவு வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

1909 ஜனவரியில் இங்கே வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, பார்த்துக்கொண்டிருந்தபோது கோடுகள் இலேசாகச் சாய்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பது அதன் பொருள். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே பாடநூல்களில் இருக்கிறது. இப்படி ஒரு கண்டுபிடிப்பு நம் மதுரைச் சீமை மலையில் நடந்தது என்பதை எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பதினொன்றே காலுக்கு மேகம் விலகியது. கண்ணாடிகள் வெளியே வெயிலை வாங்கி உள்ளே அனுப்ப, இருட்டறையில் சூரியன் வந்து நின்றது. வட்டமாக, விளிம்பில் சற்று மங்கலாக, கொதிக்கும் பாலின் மேல்பரப்புபோல மெல்ல நடுங்கிக்கொண்டு. அப்பச்சி கிட்டே போனார். "இது என்ன தூசியா?" ஆய்வகத்து இளைஞர் சிரிக்கவில்லை. "தூசி இல்லை ஐயா, புள்ளி. சூரியனில் மற்ற இடத்தைவிடச் சூடு குறைந்த இடம். காந்த விசை அங்கே சூட்டை மேலே வரவிடாமல் தடுக்கிறது" என்றார். அப்பச்சி எண்ணினார். பெரிதாக ஒன்று, சற்றுத் தள்ளிச் சின்னதாக இரண்டு. மூன்று.

பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் பெரிய கருவியைப் பற்றியும் இளைஞர் சொன்னார். வானியலாளர் வைணு பாப்பு 1960-இல் இங்கே இயக்குநராக வந்தார். கருவி ஏறத்தாழ அந்தக் காலத்தில் அமைந்தது. கோபுரத்தின் மேல் இருக்கும் கண்ணாடிகள் சூரியன் நகர நகரத் திரும்பி ஒளியைக் கீழே இறக்கும். தரைக்கடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்தில் ஒளி ஓடி, 34 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியனாக விழும். "அந்த அளவுச் சூரியனுக்குப் பூமி எவ்வளவு இருக்கும், தம்பி?" என்று அப்பச்சி கேட்டார். இளைஞர் கட்டைவிரல் நகத்தால் ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டுக் காட்டினார். "மூன்று மில்லிமீட்டர். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது."

கிளம்பும்போதுதான் அப்பச்சி, வந்த காரியத்தைக் கேட்டார். விடுபட்ட நாள் உண்டா? இளைஞர், "உண்டு ஐயா. மேகம் மூடினால் படம் இல்லை. மழைக்காலத்தில் நாள்கணக்கில் இருக்காது" என்றார். அப்பச்சி தலையாட்டிக்கொண்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டும்போது சொன்னார்: "மழை பெய்கிற நாளில் அவர்களுக்குக் கணக்கு இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் கணக்கு."

ஐந்தாம் நாள் – சோலை, குறிஞ்சி ஆண்டவர்

காலையில் செண்பகனூர் அருங்காட்சியகம். ஏசு சபைப் பாதிரிமார்கள் 1895-இல் தொடங்கியது. பதம் செய்து வைத்த விலங்குகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்க்கிட் தோட்டம் பிடித்தது. பிரையண்ட் பூங்காவில் அரை மணி நேரம். ரோஜாக்கள் நன்றாக இருந்தன, கூட்டமும் அதிகம். எழுத வேறொன்றும் இல்லை.

சோலைக்காட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். வனத்துறை அனுமதித்த பாதையில், விளிம்போடு கொஞ்ச தூரம்தான் போனோம். குட்டையான மரங்கள், கிளை முறுக்கி, குடைபோல நெருங்கிய தலைகள். மரத்தண்டு தெரியாத அளவுக்குப் பாசி. உள்ளே காலை வைத்ததும் வெளிச்சமும் சத்தமும் பாதியாகக் குறைந்தன. காட்டுப்பூவரசில் இரத்தச் சிவப்பாகப் பூங்கொத்துகள். புதருக்குள்ளிருந்து சிரிப்பதுபோல ஒரு குரல். பழனி மலையின் பெயரையே தாங்கிய சிரிப்பான் பறவை என்றார் உடன் வந்த வனக்காவலர். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது.

சோலையும் புல்வெளியும் மாறி மாறி இருப்பதுதான் இந்த மலையின் இயல்பு. பள்ளத்தில் மரம், மேட்டில் புல். நேற்று நாங்கள் பார்த்த உறைபனி புல்வெளியில் முளைக்கும் மரக்கன்றைக் கருக்கிவிடும். அதனால் புல் புல்லாகவே நிற்கிறது. மழையைப் புல்லும் சோலையும் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடையில் விடுகின்றன. இதைப் புரிந்துகொள்ளாத காலத்தில் புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்து வாட்டில், தைலமரம், பைன் எல்லாம் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை, விறகு, காகிதக்கூழ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்று பைன் காட்டில் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. நான் அங்கேயும் நின்று பார்த்தேன். தரையில் ஊசியிலை மட்டும்தான். வேறு செடி கண்ணில் படவில்லை. வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். பைன் காட்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைச் சோலை விளிம்பில் நின்று செலவிடுங்கள். மரத்துக்கு மரம் வேறுபாடு தெரிய ஆரம்பிக்கக் கால் மணி நேரமாவது ஆகும்.

அப்பச்சி ஒரு மரத்தடியில் நின்று பாசிக்குள் சுட்டுவிரலை இறக்கினார். மழை நின்று பல நாள் ஆகிவிட்டது என்று காவலர் சொல்லிக்கொண்டிருந்தார். விரல் இரண்டாவது கணு வரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரலை என்னிடம் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இந்து சமயத்தைத் தழுவிய ஒரு வெளிநாட்டுப் பெண்மணி 1936-இல் கட்டியது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2018-இல் பூத்தது, அடுத்து 2030. செடிகள் இப்போது பச்சையாக, யார் கண்ணையும் ஈர்க்காமல் நிற்கின்றன. கோயிலுக்குப் பின்னால் போனால் வடக்கே, வெகு கீழே சமவெளி. புகைமூட்டம் விலகிய ஒரு நிமிடத்தில் பழனி மலைக்கோயில் சின்னஞ்சிறு மேடாகத் தெரிந்தது. இருபத்திரண்டு முறை கீழிருந்து நிமிர்ந்து பார்த்த மலையை அப்பச்சி முதல்முறையாக மேலிருந்து பார்த்தார். தலைக்குமேல் கை கூப்பி நின்றார். நாம் வழியில் பார்த்த காவடிகள் இந்நேரம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். நாள் கணக்குப் போட்டு, "திண்டுக்கல்லைத் தாண்டியிருப்பார்கள்" என்றார்.

ஆறாம் நாள் – கண்டனூர்

இரவு ஏழரைக்கு வீடு சேர்ந்தோம். இறங்கும்போது வழியில் மலைப்பூண்டு இரண்டு கட்டு வாங்கினேன். வேறு சொல்லும்படி எதுவும் இல்லை.

அப்பச்சி சட்டையைக்கூட மாற்றாமல் முற்றத்தில் இறங்கிப் படியைக் கவிழ்த்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. பட்டாலையில் உட்கார்ந்து பேரேட்டை எடுத்தார். போன நாள்களுக்கு இடம் விட்டு வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆச்சியை அழைத்து ஒவ்வொரு நாளையும் கேட்டு, மழை இல்லை, மழை இல்லை என்று வரிசையாக எழுதினார். நான்காம் நாளுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுதியதை நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"மழை இல்லை. கொடைக்கானலில் காலை மேகம், பிறகு வெயில். சூரியனில் புள்ளி 3."